கிராமி கைவிட்ட செவ்வியல் இசை விருது

கிராமி விருது என்றாலே பலருக்கும் பாப் பாடகர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1962 முதல் 2011 வரை, மேற்கத்திய செவ்வியல் இசைக்கென்றே சிறந்த ஆல்பம் விருது ஒன்று தனியாக வழங்கப்பட்டு வந்தது. பாடல், பியானோ, ஆர்கெஸ்ட்ரா என்று பிரிவுவாரியான விருதுகளும் இருந்தன. இது எல்லாவற்றையும் ஒரே போட்டியில் நிறுத்திய விருது.

முதல் விருது இகோர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு. 1913-ல் பாரிஸில் அரங்கேறியபோது ரசிகர்கள் கூச்சலிட்டுக் கலாட்டா செய்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' படைப்பை, அவரே ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பதிவு செய்த ஆல்பம் அது. 1964-ல் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' வென்றது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இரையான கவென்ட்ரி தேவாலயத்தின் அருகில் எழுந்த புதிய ஆலயத்துக்காக, போருக்கு எதிராக எழுதப்பட்ட இசை அது.

எல்லாவற்றையும்விட வியப்பானது 1970. அந்த ஆண்டு வென்ற 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ராவே கிடையாது! வெண்டி கார்லோஸ், மூக் சிந்தசைசரில் பாக்கின் இசையை வாசித்திருந்தார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். எனவே ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது.

2011-ல் ரிக்கார்டோ முட்டி நடத்திய வெர்டியின் 'ரெக்வியம்' வென்றது. அதுவே கடைசி. அந்த ஏப்ரலில் ரெக்கார்டிங் அகாடமி தன் பிரிவுகளை 109-லிருந்து 78 ஆகக் குறைத்தது. அதில் இந்த விருதும் போயிற்று.

அதற்கு நியாயம் இல்லாமலில்லை. முட்டியின் அதே பதிவு அதே ஆண்டில் சிறந்த கோரஸ் இசை விருதையும் பெற்றிருந்தது. ஒரே பதிவுக்கு இரண்டு பரிசு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் நீக்கப்பட்ட லத்தீன் ஜாஸ் பிரிவுக்காகக் கலைஞர்கள் வழக்கு வரை போனார்கள். 2013 விழாவில் அது திரும்பி வந்தது. செவ்வியல் ஆல்பம் விருது திரும்பவில்லை.

பொதுவான 'ஆண்டின் ஆல்பம்' விருது இருக்கிறதே என்றால், 1959-ல் நடந்த முதல் விழாவிலேயே வான் கிளைபர்னின் சாய்க்கோவ்ஸ்கி பதிவு அதற்குப் போட்டியிட்டுத் தோற்றது. இதுவரை எந்தச் செவ்வியல் ஆல்பமும் அதை வென்றதில்லை. பிரிவு விருதுகள் இன்றும் உண்டு. ஆனால் ஓபராவையும் சிந்தசைசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த ஆண்டு எதைக் கேட்பது?" என்ற புதிய ரசிகரின் கேள்விக்கு ஒரே பதில் சொன்ன இடம் காலியாகவே கிடக்கிறது.