பிரிட்டன் சண்டையில் தரைப் பணியாளர்கள்

பிரிட்டன் சண்டையில் தரைப் பணியாளர்கள் என்போர், இரண்டாம் உலகப் போரில் 1940 சூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடைபெற்ற வான் சண்டையின்போது பிரித்தானிய அரச வான்படையின் சண்டை விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் ஆவர். இச்சண்டையின் வரலாறு பெரும்பாலும் வானில் போரிட்ட ஏறத்தாழ 2,900 பேரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், ஒரே நாளில் பலமுறை மேலெழ வேண்டியிருந்த விமானம் மீண்டும் எழுமா என்பது தரையிலேயே முடிவானது.

பணிகள்

விமானத்தின் எந்திரத்தைக் கவனித்தவர் "பிட்டர்" எனவும், உடற்பகுதியையும் இறக்கைகளையும் கவனித்தவர் "ரிகர்" எனவும் அழைக்கப்பட்டனர். துப்பாக்கிகள் "ஆர்மரர்" எனப்பட்டோரின் பொறுப்பு. இவர்களுள் பலர், டிரெஞ்சார்டு 1920 இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தில் சிறுவர்களாகச் சேர்ந்து ஆல்ட்டன் பள்ளியில் பயின்றவர்கள்.

விடியுமுன் எந்திரத்தை இயக்கிச் சூடேற்றுவதில் நாள் தொடங்கும். விமானம் தரையிறங்கியதும் பெட்ரோல், ஆக்சிஜன், தோட்டாக்கள் ஆகியவற்றை ஒரே நேரத்தில் நிரப்புவர். ஸ்பிட்பயர் விமானத்தின் 8 பிரௌனிங் துப்பாக்கிகளுக்கும் தலா 300 தோட்டாக்கள் இருந்தன. தொடர்ந்து சுட்டால் இவை சுமார் 15 நொடிகளில் தீர்ந்துவிடும். அரிக்கேனில் இறக்கைக்கு 4 துப்பாக்கிகள் வீதம் நெருக்கமாக அமைந்திருந்ததால் நிரப்புவது எளிது. ஸ்பிட்பயரில் அவை விலகி விலகி இருந்தன. வானோடிகள் போற்றிய அந்த மெல்லிய இறக்கை, ஆர்மரர்களுக்குத் தொல்லையாகவே இருந்தது. தூசியும் ஈரமும் புகாதிருக்கத் துப்பாக்கி வாய்களின் மீது துணி ஒட்டப்படும். திரும்பி வரும் விமானத்தில் துணி கிழிந்திருந்தால் அது சுட்டுவிட்டு வருகிறது என்பதைப் பணியாளர்கள் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வர்.

தாக்குதல்கள்

ஆகத்து மாதத்தில் லுஃப்ட்வாஃபே வானூர்தித் தளங்களையே குறிவைத்தது. 1940 ஆகத்து 30 அன்று பிகின் இல் தளத்தின் மீது நடந்த தாக்குதலில் 39 பேர் கொல்லப்பட்டனர். பதுங்குகுழி ஒன்றின் மீது நேரடியாகக் குண்டு விழுந்ததே உயிரிழப்பு மிகுந்ததற்குக் காரணம். அதே தளத்தில், வெடிக்காத குண்டுகள் கிடந்த இடங்களில் சிவப்புக் கொடிகளை நட்ட மகளிர் துணைப்படையின் சார்ஜன்ட் ஜோன் மார்ட்டிமர் இராணுவப் பதக்கம் பெற்றார்.

அங்கீகாரம்

1939–45 விண்மீன் பதக்கத்துடன் வழங்கப்படும் "பிரிட்டன் சண்டை" பட்டை, தகுதிபெற்ற படைப்பிரிவுகளில் குறைந்தது ஒருமுறையேனும் போர்ப் பறப்பை மேற்கொண்டவர்களுக்கு மட்டுமே உரியது. குண்டுவீச்சுக்கிடையே தளத்தில் பணியாற்றியவர்களுக்கு அது கிடையாது. 2005 செப்டம்பர் 18 அன்று இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் புடைப்புச் சிற்பங்களில் தரைப் பணியாளர்களும் இடம்பெற்றுள்ளனர்.