உருவமும் பொறிப்பும்

செஞ்சி வட்டாரத்து அனந்தபுரத்தை அடுத்துள்ள பனைமலையில், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிற் சிறு கருவறை ஒன்றின் சுவரில் முடியணிந்த மங்கை ஒருத்தியின் ஓவியம் எஞ்சியுள்ளது. தலைக்குமேல் குடை; ஒரு கால் மடங்கியிருக்கிறது. அவளை உமையம்மை எனவும், அவள் காண்பது இறைவன் ஆடல் எனவும் அறிஞர் துணிந்தது, அருகிலுள்ள சிதைந்த ஆடல் உருவின் எச்சத்தைக் கொண்டேயாம். பெயர் கூறும் எழுத்து ஒன்றும் அங்கு இல்லை. செஞ்சியையடுத்த திருநாதர்குன்றிலோ பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்களும் உள்ளன; எழுத்தும் உள்ளது. ஆயின் அவ்வெழுத்து சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறுவதன்றி, உருவங்களைப் பற்றியதன்று. எனவே உருவும் எழுத்தும் ஓரிடத்து அமைந்த அளவானே ஒன்று மற்றொன்றனை விளக்குவதாகக் கொள்ளுதல் பொருந்தாது. இவ்வேறுபாட்டை மாணவர் பலர் கருதுவதில்லை.

உருவத்தை விளக்கும் பொறிப்பு யாது என்பதற்குத் தக்க சான்று மேற்கே செங்கம் பகுதியில் கிடைக்கின்றது. எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனின் உருவமும், அவனருகே ஒரு நாயின் உருவமும் அதிற் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்துப் பொறிப்பு இரண்டு. வீரனைப் பற்றியது 'பட்டான் கல்' என முடிகின்றது. ஈண்டுப் 'பட்டான்' என்பது முற்றன்று, வினையாலணையும் பெயர். பட்டவனது கல் என்பதே பொருளாதலின், அப்பொறிப்பு கல்லுக்குப் பெயரிடுகின்றது. நாயைப் பற்றியதோ வேறு. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்பது அது. 'ஆறு' என்னும் சொல் வகை, தன்மை எனப் பொருள்படும். முற்றுவினை இன்றி நிற்கும் இத்தொடர் செய்தியறிவிப்பதன்று. கண்முன் உள்ள உருவத்தைச் சுட்டி, 'இஃது இவ்வாறு நின்ற நிலை' எனக் காட்டுவது. உருவின்றி அத்தொடர் நிரம்பாது. ஒரே கல்லில், ஒரே காலத்தில், கல்லின் பெயரும் காட்சியின் விளக்கமும் வேறுவேறு இலக்கண அமைப்புப் பெற்றமை நோக்கத்தக்கது. பதிப்பில் இவ்விரண்டையும் இடங்குறியாது தொடர்ந்து அச்சிடின், இரண்டாவது தொடர் குறைத்தொடராகவே தோன்றும். பிழையெனத் திருத்துவாரும் உளராவர்.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுக்குப் பின், இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுத்த தாராசுரம் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக அமைந்தன. அவற்றின் பொறிப்புகளிற் சில வெறும் பெயர்கள். சில 'படி' என்னும் சொல்லான் முடிவன. இப்'படி' பழைய 'ஆறு' நின்ற இடத்தில் நிற்பதென்பது என் கருத்து. சேக்கிழார்க்குப் பின் நெடுங்காலம் செல்லாமுன்னே வெட்டப்பட்ட இவ்வுரைநடைத் தொடர்களை உரைநடை வரலாறு எழுதுவோர் போதிய அளவு பயன்கொள்ளவில்லை.

உருவம் காட்டவியலாததைப் பொறிப்புக் கூறுதலும் உண்டு. காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிற் சுற்றுமாளிகைச் சிற்பங்கள் பல்லவர் வரலாற்றைக் காட்டுவன. பரமேசுவரவர்மனுக்குப் பின் அரசுரிமையேற்க நும்முள் யார் செல்வீர் என இரணியவர்மன் தன் மைந்தரை வினவியதும், மூவர் மறுத்ததும், பன்னிரண்டு அகவையினனான பல்லவமல்லன் யான் செல்வேன் என்றதும் பொறிப்பால் அறியப்படுவன. மறுப்பையும் அகவையையும் உளி எங்ஙனம் காட்டும்? பொறிப்போ சிற்பத் தொகுதியின் ஒரு பகுதிக்கே உண்டு. எஞ்சிய பகுதியை மீனாட்சி அம்மையார் 1941இல் வெளிவந்த தம் நூலில் செப்பேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பொறிப்புள்ள பகுதியே அவர்க்குக் காலூன்றும் இடமாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்திலுள்ள ஆடற்கரணங்கள் 81. எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படாதவை. அங்கும் பெயர்கள் இல்லை. சிதம்பரம் கிழக்குக் கோபுரத்திலோ கரணங்களோடு நாட்டியசாத்திரச் செய்யுட்கள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. காலத்தாற் பிந்திய சிதம்பரத்தின் எழுத்து, முந்திய தஞ்சையின் உருவங்களை இனங்காணத் துணைநின்றது.

நாயக்கர் காலத்து ஓவியங்களில் விளக்கவரிகள் பெருகின. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதைக்குத் தமிழ்வரிகள் அமைந்தன; ஓவியன் சிங்காதனத்தின் பெயரும் அங்கு எழுதப்பட்டுள்ளது. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் இராமாயண ஓவியங்களுக்கோ வரிகள் தெலுங்கில் உள்ளன. எடுத்தனூர் நாய்க்குத் தமிழ்த்தொடர் எழுதிய அதே பகுதியில், ஆயிரம் ஆண்டின்பின், படத்தை விளக்கும் மொழி மாறிற்று. கோயிலுக்கு வந்த உழவர் அவற்றைப் படித்திருத்தல் அரிது. எழுதுவித்தாரும் அவர்தம் சுற்றமும் படித்தனர் எனல் பொருந்தும். நடுகல் உளியெழுத்தாதலின் நின்றது. வண்ணத்தால் எழுதிய வரிகளோ சுண்ணம் உதிரும்போது உருவத்துக்கு முன்னரே மறைகின்றன. அவற்றைப் படியெடுப்பார் உருவத்தின் எப்பக்கத்து எவ்வரி நின்றது என்பதையும் உடன்குறித்தல் வேண்டும்.