வ.உ.சி.யின் கப்பலும் ஓர் இலவசக் குடையும்

ஒரு தொழிலைத் தொடங்கியவரின் நெறிகளோடு நம் நெறிகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லி வகுப்பில் ஒரு அசைன்மென்ட். பாதிப் பேர் டாடாவைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தூத்துக்குடி வ.உ.சி.யை எடுத்தேன். திருவட்டாறிலிருந்து மும்பையைவிட அது பக்கம்தானே!

பள்ளிக்கூடத்தில் அவரைத் தியாகியாகப் படித்தோம். பி.காம். மாணவனுக்கு அவர் ஒரு புரமோட்டர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் முதலான ஆசியர்களுக்கு மட்டுமே பங்கு என்று விதி. இங்கேயே நான் அவரிடமிருந்து விலகிவிடுகிறேன். கப்பல் வாங்கப் பணம் தேடி அலையும்போது, நானாக இருந்தால் பணத்தின் நிறத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

1907-ல் கலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. அதுவரை தூத்துக்குடி - கொழும்பு வழியைத் தனியாக ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. உடனே அவர்கள், "சும்மாவே வாருங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம்" என்று இறங்கிவிட்டார்கள். பிரடேட்டரி பிரைசிங் என்று நாம் பாடத்தில் படிப்பது இதைத்தான். 2002-ன் போட்டிச் சட்டம் அன்றைக்கு ஏது?

ஆனால் நண்பர்களே, என்னை உறுத்துவது அந்தக் குடைதான். ஜூன் மாதம் எங்கள் ஊரில் குடையில்லாமல் வாசல் தாண்ட முடியாது. இலவசமாகக் குடையும் கொடுத்துக் கொழும்புக்கும் கூட்டிப்போகிறேன் என்றால் நான் எந்தக் கப்பலில் ஏறியிருப்பேன்? இலவச டேட்டாவுக்காக ஒரே நாளில் சிம் மாற்றியவன் நான். பழைய கம்பெனியில் வேலை செய்தவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கம்பெனி இப்படித் தத்தளிக்கும்போதே, 1908 பிப்ரவரி - மார்ச்சில், கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவர் முன்னின்று நடத்தினார். கூலி உயர்ந்தது. சில நாளில் மார்ச் 12 அன்று கைதானார். 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. 25 ரூபாய் போட்டவனுக்கு அவர் செய்தது நியாயமா? பங்குதாரர் பணம் கையில் இருக்கும்போது கூட்டம், போராட்டம் எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் எழுதினேன். மில் தொழிலாளியிடம் "என் கம்பெனி நிலைக்கட்டும், அப்புறம் வருகிறேன்" என்று சொல்லும் வ.உ.சி.யைக் கற்பனை செய்து பார்த்தேன். வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் எழுத வேண்டிய வரி இன்னும் கிடைக்கவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பல வருஷம் கழித்து சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. வெள்ளையர் பணத்தில் ஒரு பங்குகூட விற்காத மனிதர், அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.