386 சில்லும் ஏழாண்டு வழக்கும்

இண்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் 1970களிலேயே பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை அமைத்தவை. நம்மில் சிலருக்கு அந்தத் தொழிற்பேட்டை பழகிய இடம். அவற்றிடையே அமெரிக்காவில் நடந்த வழக்கை அறிந்தோர் குறைவு.

1981-இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினிக்கு இண்டெலின் 8088 சில்லைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க அது விரும்பவில்லை. அதே சில்லைச் செய்துதர இன்னொருவரும் வேண்டும் என்றது. எனவே 1982-இல் இண்டெலும் ஏ.எம்.டி.யும் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன.

சந்தை பெருகியதும் இண்டெலுக்குப் பங்காளி தேவைப்படவில்லை. 1985-இல் வெளிவந்த 386 சில்லின் வடிவமைப்பை அது கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லவுமில்லை. அதுவே கொடுமை!

1987-இல் ஏ.எம்.டி. நடுவரை நாடியது. வழக்கு இழுத்துக்கொண்டே போக, 1991-இல் தானே ஒரு 386 சில்லை உருவாக்கி விற்கத் தொடங்கியது. மறு ஆண்டு தீர்ப்பு வந்தது. 386-ஐக் கொடுத்தே தீரவேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை; ஆயினும் நம்பவைத்துக் காக்கவைத்தது நன்னம்பிக்கையை மீறிய செயல் என்றார் நடுவர். இந்த நுட்பமான வேறுபாட்டை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஏ.எம்.டி.க்கு ஒரு கோடி டாலரும், அதன் 386 சில்லில் அடங்கிய இண்டெலின் அறிவுச்சொத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தன.

இண்டெல் விடவில்லை. 1994 டிசம்பரில்தான் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நடுவரின் தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குள் இண்டெலின் 486 வெளிவந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. பெண்டியமும் கடைக்கு வந்துவிட்டிருந்தது.