போர்வைக்கு வெயில் காட்டும் மலை

தென்மேற்குப் பருவமழை சற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் முதல் நாளில், போடிமெட்டு, பூப்பாறைப் பக்கத்து வாடகை வீடுகளைப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். மெத்தையும் கம்பளியும் முற்றத்துக்கு வந்துவிடும். சுவரில் படர்ந்த பூஞ்சணத்தைத் தேய்க்க வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், ஊற்றுத் தண்ணீர் வரும் ஓஸில் அடைத்த சருகை எடுக்க வேண்டும், எலி கடித்த ஒயரை மாற்ற வேண்டும். ஓணத்துக்கு வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்கள். அதற்குள் மூடுபனி மறுபடி இறங்கிவிட்டால் துவைத்த விரிப்பு காயவே காயாது.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், சுமார் 4,500 அடி உயரத்தில் இந்த மெட்டு. கீழே மழை மறைவுப் பகுதி. மெட்டைத் தாண்டினால் கேரளத்து இடுக்கியின் ஏலக்காடு.

ஈரத்தோடு மல்லுக்கட்டுவது இங்கே புதிதல்ல. பறித்த ஏலக்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். விறகு எரித்து, அந்தச் சூட்டைக் குழாய்கள் வழியே அறைக்குள் செலுத்தி, பச்சைக் காயை விடிய விடியக் காயவைக்கும் கட்டடத்துக்கு 'ஸ்டோர்' என்று பெயர். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. காய்க்கு ஸ்டோர் இருக்கிறது. கம்பளிக்கு வெயில்தான் வர வேண்டும்.

வருகிறவருக்கு வீட்டை ஒழுங்குபண்ணி வைக்கும் வேலைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. பிரிட்டிஷார் காலத்தில் அதிகாரிகள் தங்குவதற்குப் பயணியர் மாளிகைகள் எழுந்தன. பயணி என்று பொருள்படும் 'முசாபர்' என்ற சொல்லிலிருந்து வந்த 'முசாவரி பங்களா' என்ற பெயர் தெற்கே சில ஊர்களில் இன்னும் வழங்குகிறது. மதுரை அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சாலை இல்லாத அந்தக் காலத்தில் கோடைதோறும் சாமான்கள் மலையேறியது சுமைகூலிகளின் தோளில். 1870இல் உதகமண்டலம் சென்னை அரசின் கோடைத் தலைநகரானதும், சீசனுக்கு வீடு பிடிப்பதும் விடுவதும் அங்கே ஒரு தொழிலாகவே ஆனது. தங்கியவர்களின் பெயர்கள் பங்களாப் பதிவேடுகளில் இருக்கின்றன. விடியலில் எழுந்து வெந்நீர் போட்டவர்களின் பெயரை எங்கே தேடுவது? இந்த வரலாற்றின் பெருங்குறை இதுதான்.

போடிமெட்டுக்கு வடக்கே கண்ணன் தேவன் மலைகளை 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். அதன்பின் தோட்டங்கள் வந்தன; அவற்றோடு துரைமார் பங்களாக்களும், அவற்றைப் பராமரிக்கும் பட்லர், சமையல்காரர், காவலாளும் வந்தார்கள். மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கியது. அங்கிருந்து போடிக்குப் போனது. மூணாறையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. பங்களாக்கள் நின்றன. அவற்றில் சிலவற்றில் இன்று சுற்றுலாப் பயணிகள் வாடகைக்குத் தங்குகிறார்கள்.

இப்போது 'ஹோம்ஸ்டே'க்கு அரசின் வகைப்படுத்தல் வேண்டும். அறைகள் ஆறுக்கு மேல் கூடாது, உரிமையாளர் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். கூட்டிப் பெருக்குவதோடு இந்த எழுத்து வேலையும் சேர்ந்துகொண்டது.

இந்த மலையின் உழைப்பில் பெரும்பங்கு கீழிருந்து வருவது. விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏலக்காட்டுக்குக் கிளம்பும்; மாலையில் அதே ஜீப்புகளில் திரும்புவார்கள். முல்லைப் பெரியாறு சர்ச்சை முற்றிய 2011 டிசம்பரில் எல்லைப் போக்குவரத்து முடங்கி அவர்கள் பிழைப்பை இழந்தார்கள். 2020 பொதுமுடக்கத்தில் எல்லைச் சோதனைச் சாவடி மறுபடி அடைபட்டது. ஜீப்பும் வரவில்லை, விருந்தாளியும் வரவில்லை. இந்த மலையில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் வருவது வாடை. பிறகு மெத்தையின் அடியில் வெள்ளையாகப் பூத்த பூஞ்சணம். கம்பளியை உதறி, மறுபடியும் முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.