காயத்தின் கணக்கு

கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் படித்தவர்களுக்கு மணிமங்கலம் என்ற ஊரை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியதில்லை. வாதாபியிலிருந்து படை நடத்தி வந்த புலிகேசியை நரசிம்ம பல்லவன் முறியடித்த களங்களுள் ஒன்று அது. நரசிம்மனுடைய பேரன் பரமேசுவரவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட கூரம் செப்பேடு இந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. புறமுதுகிட்டு ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக வைத்துக்கொண்டு 'விஜயம்' என்று பல்லவன் எழுதினானாம்! கவிஞர்கள் சாசனம் எழுதப் புகுந்தால் சரித்திரம் இப்படித்தான் கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டு வெளியே வரும். நாவல் எழுதிப் பிழைக்கிற நான் இதைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் எனக்கு அந்தச் செப்பேட்டைக் காட்டிலும் மணிமங்கலத்துப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளின் மீதுதான் மோகம். அவற்றுள் ஒன்று இரண்டாம் ராஜேந்திர சோழனுடையது. 1054-ஆம் ஆண்டில் கொப்பத்தில் சாளுக்கியரோடு நடந்த பெரும் போரைப் பற்றி அது பேசுகிறது. அந்தப் போரில் அண்ணன் ராஜாதிராஜன் யானை மீது இருந்தபடியே உயிர் விட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பின்னால் வந்தவர்கள் அவனைக் குறிப்பிட்டார்கள். தம்பி ராஜேந்திரன் உடனே களத்தில் இறங்கினான். அவன் மீது அம்பு மாரி பொழிந்தது. மெய்க்கீர்த்தி என்றால் புகழ்மாலைதானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஆனால் இந்தக் கல் என்ன சொல்கிறது, தெரியுமா? அம்புகள் யானையின் நெற்றியில் தைத்தன, அரசனுடைய தொடையில் தைத்தன, தோள்களில் தைத்தன, அவனோடு கூட அந்த யானை மீது ஏறியிருந்த வீரர்கள் விழுந்து மாண்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழிந்த பிறகு, அன்று யாருக்கு எங்கே அடி பட்டது என்று நாம் விரல் வைத்துச் சொல்லலாம்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மணிமங்கலத்துக்கு வடமேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. ஹுண்டாய் மோட்டார் தொழிற்சாலையினால் அந்தப் பெயர் நாடெங்கும் தெரிந்தது. ஆனால் தொழிற்சாலையில் முதல் கார் உருவாவதற்கு முன்பே அங்கே கார்கள் பறந்துகொண்டிருந்தன. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பாரின் பந்தயப் பாதை 1990-ல் அங்கே திறக்கப்பட்டது. சுமார் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். அதுவும் ஒரு போர்க்களம்தான். அங்கே படுகிற காயங்களுக்குக் கல்வெட்டு உண்டா என்பதுதான் என் கேள்வி.

கிளப்பின் கதை அதற்கும் முந்தியது. 1953-ல் அது பிறந்தது. பந்தயம் நடத்த இடம் வேண்டுமே! சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. நம்மவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே யுத்தம் முடிந்த கையோடு இங்கிலாந்திலும் சில்வர்ஸ்டோன் விமானத் தளம் பந்தயக் களமாயிற்று. கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு என்று இந்தியாவிலும் விமான ஓடுதளங்களே இந்தக் கலைக்குத் தொட்டில் ஆயின. சோழவரத்துப் பந்தயம் சென்னைவாசிகளுக்கு ஒரு திருவிழா. பியட்டும் ஹெரால்டும் அம்பாஸடரும், குடும்பத்தைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்லப் பிறந்த சாதுவான வண்டிகள், அங்கே சிறுத்தை வேஷம் கட்டிக்கொண்டு வந்தன.

விமான ஓடுதளத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கார் பாதையை விட்டு விலகினால் மோதுவதற்கு அதிகமாக எதுவும் இல்லை. ஆனால் ஆபத்து என்பது பாதையில் மட்டும் இல்லை. மனிதர்களுடைய எண்ணத்திலும் இருந்தது. அந்தக் காலத்தில் உலகமெங்கும் பந்தய ஓட்டிகள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்ள மறுத்தார்கள். கார் கவிழ்ந்து தீப்பிடித்தால் உள்ளே அகப்பட்டுச் சாவதைவிட வெளியே தூக்கி எறியப்படுவது மேல் என்பது அவர்களுடைய சித்தாந்தம். முட்டாள்தனம் என்று இன்று சொல்வது சுலபம். பெட்ரோல் தொட்டி மடியில் இருப்பது போன்ற கார்களில் போனவர்கள் அவர்கள்.

1955 ஜூன் 11-ஆம் தேதி பிரான்சில் லெமான் பந்தயத்தில் பியர் லெவெக் என்பவரின் கார் பறந்து போய் ஜனக்கூட்டத்தில் விழுந்தது. அவரோடு எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டார்கள். சுவிட்ஜர்லாந்து வட்டப்பாதைப் பந்தயத்தையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அங்கே பந்தயம் அன்று நிற்கவில்லை; ஓடி முடிந்த பிறகு பரிசும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து மனப்பான்மை அது.

ஆனால் அதற்கும் நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் வேறு விதமாக யோசித்திருந்தார். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயக் களத்தின் வைத்தியர் எரிக் கார்ட்னர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் தலையில் அடிபட்டு அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். மனிதர் எண்ணிப் பார்த்தார். கித்தான் துணியையும் அரக்கையும் வைத்து ஒரு கவசத் தொப்பி செய்வித்தார். 1914-ல் ஐல் ஆப் மான் தீவுப் பந்தயத்தில் எல்லோரும் அதை அணிந்தே தீர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஓட்டிகள் முணுமுணுத்தார்கள். பந்தயம் முடிந்ததும் அந்தத் தீவின் வைத்தியர் ஒருவர், ஒவ்வொரு வருஷமும் மண்டை அதிர்ந்த சுவாரஸ்யமான நோயாளிகள் சிலர் வருவார்களே, இந்த வருஷம் ஒருவரும் வரவில்லையே என்று எழுதினாராம். வைத்தியருடைய ஏமாற்றத்தைப் போல இனிமையான செய்தி வேறு உண்டா?

இந்த வித்தையில் உண்மையான முன்னேற்றம் ஒவ்வொன்றும் இப்படித்தான் வந்திருக்கிறது: யாரோ ஒருவர் உட்கார்ந்து, அடி எங்கே பட்டது, எதனால் பட்டது என்று எழுதியிருக்கிறார். 1966-ல் பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் மழையில் சறுக்கி விழுந்தார். நசுங்கிய காருக்குள், உடம்பெல்லாம் பெட்ரோல் ஊற, இருபத்தைந்து நிமிஷம் கிடந்தார். சக ஓட்டிகள் இருவர், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் இரவல் வாங்கி, ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் தம்முடைய காரிலேயே ஒரு ஸ்பானரைக் கட்டி வைத்துக்கொண்டார். வைத்தியர், தடுப்பு வேலி, தலைக்கவசம் என்று வாதாடத் தொடங்கினார். கோழை என்று சிலர் ஏளனம் செய்தார்கள். மூன்று முறை உலக வீரர் பட்டம் பெற்றவரைக் கோழை என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்!

கழுத்துப் பட்டையின் கதை இதைவிடத் துயரமானது. வண்டி சுவரில் மோதி நிற்கும்போது உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்கிறது. தலையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. தலை முன்னே போகிறது. கபாலத்தின் அடித்தளம் பிளந்துவிடுகிறது. வெளியே ஒரு கீறல்கூட இராது. 1981-ல் ஒரு நண்பர் அமெரிக்காவில் இவ்வாறு இறந்ததைக் கண்டு கலங்கினார் ஜிம் டவுனிங் என்ற ஓட்டி. அவருடைய மைத்துனர் ராபர்ட் ஹப்பார்டு, மிச்சிகனில் எலும்பும் விசையும் பற்றிப் பாடம் சொல்லும் பேராசிரியர். இருவரும் சேர்ந்து, தோள் மேல் உட்கார்ந்து தலைக்கவசத்தை வாரினால் பிடித்துக்கொள்ளும் 'ஹான்ஸ்' என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். அதை வாங்குவார் இல்லை. அசௌகரியம் என்றார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அமெரிக்கக் கார்ப் பந்தயமான நாஸ்காரில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். நான்காவதாக, 2001 பிப்ரவரி 18-ல், அதை அணிய மறுத்த மாவீரர் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி மாண்டார். அந்த வருஷம் அக்டோபரில் நாஸ்கார் இத்தகைய சாதனம் ஒன்றை அணிவதைக் கட்டாயமாக்கியது. இருபது வருஷம் அது அலமாரியில் காத்திருந்தது!

பெரியவர்கள் இறந்தால் சட்டம் வருகிறது, சின்னவர்கள் இறந்தால்? அமெரிக்காவில் ஊருக்கு ஊர், அரை மைலும் கால் மைலும் சுற்றளவுள்ள சிறு பந்தய வட்டங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை இரவுகளில் மெக்கானிக்கும் குடியானவரும் சொந்தக் காசைப் போட்டு அங்கே ஓட்டுகிறார்கள். சுவர் பக்கத்திலேயே நிற்கும். ஆம்புலன்ஸ் ஒன்று இருந்தால் பெரிது. எர்ன்ஹார்ட் இறந்த வருஷத்தில் சார்லட் நகரத்துப் பத்திரிகை ஒன்று, 1990 முதல் நாடெங்கும் பந்தயங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஊர் ஊராகத் தேடிக் கணக்கெடுத்தது. இருநூறுக்கு மேல் வந்தது. அதுவரை அந்தக் கணக்கை முழுவதாக எவரும் வைத்திருக்கவில்லை. டயரைக்கூட எண்ணி வைக்கிற தொழில் அது!

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2023 ஜனவரி 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில் தேசியக் கார்ப் பந்தயம். கே. இ. குமார் என்பவர் ஓட்டினார். வயது 59. கிளப்பின் ஆயுள் உறுப்பினர், பல காலமாக அந்தத் தாரில் பழகியவர், எல்லோருக்கும் வேண்டியவர். அவருடைய கார் இன்னொரு காரோடு மோதிப் பாதையை விட்டுச் சறுக்கி, வேலியை உடைத்துக்கொண்டு கூரை கீழாக விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பயனில்லை. அன்றைய மற்றப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். விசாரணை தொடங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஏழு மாதம் கழித்து, ஆகஸ்டு 5-ஆம் தேதி, அதே களத்தில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயம். பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், காலையில் நடந்த தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தி முதலிடம் பிடித்திருந்தான். பந்தயம் தொடங்கிச் சற்று நேரத்தில் முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்தான். பிழைக்கவில்லை.

ஐரோப்பாவில் 2021-ல் ஒரே வருஷத்துக்குள் 14, 15, 19 வயதுப் பிள்ளைகள் மூவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்தார்கள். விழுந்தவர் எழுவதற்குள் பின்னால் நெருக்கமாக வருகிற வண்டி மேலே ஏறிவிடுகிறது என்று கண்டு, பந்தயத்துக்கு உரிய குறைந்தபட்ச வயதை உயர்த்தினார்கள். ஒரு பந்தயத்தில் ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். அடி எங்கே பட்டது என்று எழுதி வைத்ததன் பலன் அது.

நம் இளம் ஓட்டிகளில் கெட்டிக்காரரான அசுவின் சுந்தர் பந்தயக் களத்தில் இறக்கவில்லை. 2017 மார்ச்சில் சென்னைச் சாந்தோம் சாலையில் அவர் ஓட்டிய கார் மரத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த அவரும் மனைவியும் வெளிவர முடியவில்லை. பந்தயக் களத்தில் தீயணைப்பான் இருக்கும், கொடி காட்ட ஆள் இருக்கும், கதவைப் பிளக்கத் தெரிந்தவன் இருப்பான். சாலையில் மரம்தான் இருக்கும். களத்தை மூடிவிடுங்கள் என்று கூக்குரல் போடுகிறவர்களுக்கு இதை நான் சொல்வது வழக்கம். மூடினால் பையன்கள் வண்டலூர் சாலைக்கு வந்துவிடுவார்கள்.

மூட வேண்டாம், எழுத வேண்டும். எந்த வளைவு, என்ன வேகம், வேலி எதனால் ஆனது, கழுத்துப் பட்டை இருந்ததா, ஆம்புலன்ஸ் எத்தனை வினாடியில் வந்தது, அடி எந்த உறுப்பில் பட்டது என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் ஓட்டிகளைக் கூட்டி வைத்து வாசிக்க வேண்டும். அதற்கு வித்தை தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மணிமங்கலத்துக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் மத்திய சர்க்கார் நிறுவிய மோட்டார் ஆராய்ச்சி நிலையத்தில் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் கூடமே இருக்கிறது. காருக்குள் பொம்மை மனிதர்களை உட்கார வைத்து, கழுத்தில் எவ்வளவு விசை, மார்பில் எவ்வளவு அழுத்தம் என்று கருவி வைத்து அளக்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் இந்தியக் கார்களுக்கு நட்சத்திர மதிப்பு அளிக்கும் திட்டமும் வந்துவிட்டது. அதில் முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. பொம்மையின் கழுத்துக்கு அத்தனை கணக்கு.

2024 ஆகஸ்டு 31-ஆம் தேதி சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருவிலேயே இரவுப் பந்தயம் நடத்த ஏற்பாடாயிற்று. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. உலக மோட்டார் சங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழை மத்தியானத்துக்குள் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஓடக்கூடாது என்றார்கள் நீதிபதிகள். பிறகு அவகாசம் கேட்டு வாங்கினார்கள். சங்கத்தார் பாதையைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அத்தனை கார்களும், ஆயிரக்கணக்கான ஜனங்களும், மந்திரிகளும் அந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள்.