"உள்ளே யாரைத் தெரியும்?" – பயிற்சி தேடி அலைந்த ஒரு சரித்திரம்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவில் இருந்து கேட்டார்கள். ஹாஸ்டல் கலாட்டாவை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதுகிற ஆட்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது பட்டு அனுபவித்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியில் ட்ரெயினிங் தேடி அலைந்த கதை அது. என் கதையில் ஆரம்பித்து, நம் சேலம் அரசு பொறியியல் கல்லூரி பிறந்த காலம் வரை போகப்போகிறேன். நடுவில் கொஞ்சம் சட்டம், கொஞ்சம் சரித்திரம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி மாடி ரூம்

2008 மே மாதம். மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்திருந்தது. நாங்கள் நாலு பேர் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஓடு மேய்ந்த ரூம். மத்தியானம் உள்ளே உட்கார முடியாது. அதனால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவோம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் போனஃபைடு சர்டிபிகேட், துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம், அதன் ஜெராக்ஸ் பத்து.

ஒரு நாள் இரும்பாலை ரோடு, ஒரு நாள் மேட்டூர், ஒரு நாள் சங்ககிரி, ஒரு நாள் பள்ளிபாளையம். பதினொரு நாளில் பதினாறு கேட். எல்லா கேட்டிலும் செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "உள்ளே யாரைத் தெரியும்?"

யாரையும் தெரியாது. என் அப்பா நெசவாளி. சொந்தத்தில் பேன்ட் போட்டு ஆபீஸ் போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கப்போகிறேன். எனக்கு எந்தக் கம்பெனியில் யாரைத் தெரியும்?

ரூமில் ஒருவனுக்கு மாமா ஒருத்தர் சூப்பர்வைசராக இருந்தார். அவனுக்கு ஒரே போனில் பதினைந்து நாள் பயிற்சி கிடைத்தது. இன்னும் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் செய்ததை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். ஐந்நூறு ரூபாய் கொடுத்து, போகாத பயிற்சிக்கு ஒரு சான்றிதழ் வாங்கினேன். பயோடேட்டாவில் அதை ஒரு வரியாகச் சேர்த்தேன்.

அடுத்த வருஷம் ஒரு இன்டர்வியூவில் அந்த ஒரு வரியைத்தான் பிடித்தார்கள். "இந்த ட்ரெயினிங்ல என்ன மெஷின் பார்த்தீங்க தம்பி? கூலன்ட் எப்படி வருது, எங்க போகுது, சொல்லுங்க." வாயே திறக்கவில்லை. அவர் திட்டவில்லை. ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். அந்தக் காகிதம் என் வேலையை மட்டும் கெடுக்கவில்லை. நிஜமாகவே படித்துத் தெரிந்து வைத்திருந்ததையும் சொல்ல விடாமல் செய்துவிட்டது.

பழைய கேள்வி

இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததா என்று பின்னால் படித்துப் பார்த்தேன். இல்லை.

அஸ்தம்பட்டியில் இருந்து ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தெரியும். 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த ஸ்டுடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடத்தில் இன்று அந்த நுழைவாயில் வளைவுதான் அடையாளமாக மிஞ்சியிருக்கிறது. கலைஞர் கருணாநிதியும் கவிஞர் கண்ணதாசனும் வேலை பார்த்த இடம் அது. சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்து அப்படி அங்கே போய்த் தொழில் படித்த மாணவர்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. காலேஜில் இடம் கிடைத்தாலும், பட்டறையிலும் ஆலையிலும் நேரடிப் பயிற்சி கிடைப்பது கஷ்டம். 1921-22-ல் இந்திய மாணவர்களின் நிலையை விசாரித்த லிட்டன் கமிட்டி முன்னாலும் இந்தப் பிரச்சினை வந்தது. ஆக, கேட்டில் நிற்கிற கஷ்டம் நமக்கு முன்னால் கப்பல் ஏறிப் போனவர்களுக்கே இருந்திருக்கிறது.

பயிற்சிக்கு நம் நாட்டில் ஒரு பழைய சட்டமும் உண்டு. 1850-ல் வந்தது. ஆனால் அது அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு தொழிலில் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துவிடுகிற சட்டம். காலேஜில் படிப்பவனுக்கும் பட்டறை தேவை என்ற எண்ணம் அதில் இல்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-ல் அதைச் செய்து காட்டினார். மாணவர்கள் கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை என்று மாறி மாறிப் படித்தார்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிப்படை அதே யோசனைதான்.

நம் கல்லூரி பிறந்த வேளை

சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் புதிய அப்ரன்டிஸ் சட்டம் வந்தது. தொழிற்சாலைகள் இத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றது. ஆனால் அது ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில் பிரிவுகளுக்கு மட்டும். இன்ஜினீயர் அதில் இல்லை. இன்ஜினீயருக்குத்தான் வேலை காத்துக்கிடக்கிறதே என்று அன்றைக்கு நினைத்திருக்க வேண்டும்.

அந்த நினைப்பு சீக்கிரமே பொய்த்தது. 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம். 1966 ஜூன் 6-ம் தேதி ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. ஐந்தாண்டுத் திட்டத்தையே மூன்று வருஷம் நிறுத்தி வைத்தார்கள். அரசாங்கத்தின் முதலீடு குறைந்தது, இயந்திரத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் குறைந்தது. நாடு முழுக்க இன்ஜினீயர்கள் டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் நின்றார்கள்.

நம் கல்லூரி தொடங்கியது அதே 1966-ல்தான். அப்போது பி.இ. ஐந்து வருஷப் படிப்பு. முதல் செட் சீனியர்கள் வெளியே வந்தது 1971 வாக்கில்.

அவர்கள் கண் முன்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. கஞ்சமலை இரும்பை வைத்து சேலத்தில் உருக்காலை வேண்டும் என்று 1967 ஜூலையில் அண்ணா தலைமையிலான அரசு காலத்தில் எழுச்சி நாளே கொண்டாடினார்கள். 1970 செப்டம்பர் 16-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். படிக்கிற பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் உருக்காலையில் உற்பத்தி தொடங்கியது 1981-ல். அதுவும் கஞ்சமலை இரும்பை உருக்கி அல்ல. வெளியில் இருந்து வந்த எவர்சில்வர் சுருள்களைத் தகடாக உருட்டித்தான். அடிக்கல்லுக்கும் முதல் தகட்டுக்கும் நடுவில் பதினோரு வருஷம். உள்ளூர் ஆலையை நம்பியிருந்த ஒரு தலைமுறையே வேறு ஊருக்குப் போய்விட்டிருக்கும்.

போன சந்திப்பில் அந்தக் காலத்து சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ட்ரெயினிங்குக்கு என்ன சார் பண்ணீங்க என்று கேட்டேன். "ட்ரெயினிங்கா? நாங்க வேலைக்கே லெட்டர் போட்டுட்டு போஸ்ட்மேனைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம் தம்பி" என்று சிரித்தார்.

சும்மா கிடைத்த சலுகை இல்லை

அந்த வேலையில்லாத காலம்தான் ஒரு நல்லதைக் கொண்டுவந்தது. 1960-களின் கடைசியில் மத்திய அரசு பம்பாய், கல்கத்தா, கான்பூர், சென்னை என்று நாலு இடத்தில் பயிற்சி வாரியங்களை அமைத்தது. தென் மாநிலங்களுக்கான வாரியம் இன்றும் சென்னை தரமணியில் இருக்கிறது. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களை ஒரு வருஷப் பயிற்சிக்குக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவது அதன் வேலை. 1973-ல் அப்ரன்டிஸ் சட்டத்தைத் திருத்தி, பட்டதாரி இன்ஜினீயரையும் டிப்ளமோக்காரரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். உதவித்தொகையில் குறைந்தபட்ச அளவில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. 1986-ல் பிளஸ் டூ தொழிற்பிரிவு மாணவர்களையும் சேர்த்தார்கள். 2014 திருத்தத்தில் கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது.

முதலில் கேட்டில் கேட்ட கேள்வியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "உள்ளே யாரைத் தெரியும்?" என்பதற்குப் பதிலாக, "யாரையும் தெரிய வேண்டாம், சட்டப்படி இடம் உண்டு" என்று சொல்கிற ஏற்பாடு இது. நம் சீனியர்கள் வயதுக்காரர்கள் வேலையில்லாமல் நின்றதால் வந்த ஏற்பாடு.

எனக்கும் அதுதான் கை கொடுத்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அதன் அதிர்ச்சி 2009-ல் வெளியே வந்த எங்கள் செட்டுக்கும் நன்றாகவே தெரிந்தது. ஆஃபர் லெட்டர் வைத்திருந்தவனுக்கே சேரும் தேதி வரவில்லை. எனக்கு லெட்டரே இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒரு மூலையில் தரமணி வாரியத்தின் அறிவிப்பு இருந்தது. மூன்று வருஷமாக அந்த போர்டைத் தாண்டிப் போயிருக்கிறேன், படித்ததில்லை. விண்ணப்பித்தேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பட்டதாரி அப்ரன்டிஸாக ஒரு வருஷம் இருந்தேன். ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போகிற பணம்தான். ஆனால் முதல் வாரமே அங்கிருந்த ஃபோர்மேனிடம் கேட்டுக் கூலன்ட் லைனைத் தொட்டியில் இருந்து பம்ப் வரை, பம்ப்பில் இருந்து டூல் வரை, அங்கிருந்து ஃபில்டர் வழியாகத் திரும்பத் தொட்டி வரை கையால் தடவிப் பார்த்தேன். அவருக்கு நான் ஏன் அப்படிச் செய்கிறேன் என்று புரியவில்லை.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்தால் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் அப்ரன்டிஸ் முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒரு வழக்கில் சொன்னது. எனக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. வேறு இடத்தில் கிடைத்தது. ஆனால் இந்த முறை பயோடேட்டாவில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

இன்றைக்கு என்ன நிலை?

நிலைமை மாறியிருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு. 2019 விதிகள்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம்; பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ம் தேதி "நான் முதல்வன்" திட்டம் வந்தது. 2024 மத்திய பட்ஜெட்டில், பெரிய 500 நிறுவனங்களில் ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேருக்கு இன்டர்ன்ஷிப் என்று அறிவித்தார்கள்.

ஆனால் படிக்கிற காலத்தில், லீவில் பதினைந்து நாள் உள்ளே விடுங்கள் என்று கேட்கிற மாணவனுக்கு இன்னும் கேட்டில் அதே கேள்விதான். கிரெடிட் கட்டாயம் ஆனதால் காசுக்குச் சான்றிதழ் விற்பவர்களுக்கும் வியாபாரம் கூடியிருக்கும் என்பது என் பயம்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. அந்தக் காகிதத்தை வாங்காதீர்கள். பெரிய கம்பெனி கிடைக்காவிட்டால், பக்கத்தில் இருக்கிற லேத் பட்டறையில் போய் உட்காருங்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிற இடத்திலும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்திலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. டிகிரி முடிந்ததும் வேலைக்காக ஒரு வருஷம் சும்மா காத்திருக்காமல், வாரியத்தின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டால் அந்த வாய்ப்பு கிடையாது. நோட்டீஸ் போர்டையும் படியுங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் இன்று கேட்டுக்கு உள்ளே இருக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு மாணவர்களை, சாதி, ஊர், சொந்தம் எதுவும் கேட்காமல், நம் கம்பெனிக்குள் பதினைந்து நாள் அழைத்துப் போவோம். இந்தச் சந்திப்பிலேயே சங்கத்தில் பெயர் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

கருப்பூரில் இருந்து ஒரு பையனோ பொண்ணோ பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்று, செக்யூரிட்டி அதே கேள்வியைக் கேட்டால், நம்மில் ஒருவர் பெயரை அவர்கள் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி! சந்திப்பில் பார்ப்போம்.